மருந்தை முறிக்கிற கீரை

இந்த வயதிலும் எங்கள் வீட்டில் ஊசிக்கு நூல் கோர்ப்பது நான்தான். மருமகள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் நான் பொத்தானையே தைத்து முடித்திருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைதான். அதனால்தான் தெருவில் போகிறவர்கள் என்னை நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள். கண்ணுக்கு என்ன சாப்பிடுகிறீர்கள், கேரட்டா, பொன்னாங்கண்ணியா, ராத்திரியில் கீரை ஆகுமா ஆகாதா, முட்டையில் மஞ்சள் கருவை எடுத்து எறிந்துவிட வேண்டுமா என்று. பெரிய படிப்புப் படித்தவர்களிடம் கேட்க வேண்டியதை, இரண்டாம் வகுப்போடு நின்றுபோன என்னிடம் கேட்கிறார்கள். நான் எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு ஆடு எதைத் தின்கிறது என்று முதலில் பாருங்கள் என்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

நான் பிறந்தது கெங்கவல்லிப் பக்கம். மழையை நம்பின காடு. கம்பும் சோளமும் கேழ்வரகும்தான் சாப்பாடு. அரிசி என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும், அப்புறம் யாருக்காவது காய்ச்சல் வந்தால் கஞ்சிக்கும். மழை பெய்து ஓய்ந்தால் காட்டில் பண்ணைக்கீரை தானாக முளைத்துக் கிடக்கும். மடி நிறையப் பறித்து வந்து கடைந்து களியோடு தின்போம். அதை நாங்கள் ருசி என்றும் நினைத்ததில்லை, குறை என்றும் நினைத்ததில்லை. இருந்தது, தின்றோம்.

என்னைக் கட்டிக்கொடுத்தது பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் ஒரு ஊரில். ஜேடர்பாளையம் அணையிலிருந்து வருகிற வாய்க்கால் எங்கள் தோட்டத்து ஓரமாகவே ஓடும். வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கொஞ்சம் கரும்பு. வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, மூன்றே பேர். மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அரிசி மில் வந்த புதுசு அது. மூன்று வேளையும் மல்லிகைப்பூ மாதிரி நெல்லுச்சோறு. என்னைப் பார்க்க வந்த என் அம்மா அந்தச் சோற்றைப் பார்த்தே கண் கலங்கினாள். மகள் நல்ல இடத்தில் வாழ்கிறாள் என்று ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

கீரை அந்த வீட்டில் ஏறாது. அது தோட்ட வேலைக்கு வருகிறவர்கள் சாயங்காலம் கட்டிக்கொண்டு போகிற பண்டம். இத்தனைக்கும் நாங்கள் கீரைக்கு நடுவில்தான் குடியிருந்தோம். வெற்றிலைக்கொடி தானாக நிற்காது. முதலில் அகத்தியை விதைத்து, அது வளர்ந்த பிறகு அதன்மேல்தான் கொடியை ஏற்றிக் கட்டுவார்கள். கொடிக்கால் என்று பேர்தானே தவிர, தூரத்திலிருந்து பார்த்தால் அகத்திக் காடுதான். கொடிக்கு வெயில் விழ வேண்டும் என்று அகத்தியைக் கழித்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து ஆட்டுப்பட்டியில் போடுவோம். அத்தை மட்டும் (மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) ஏகாதசிக்கு விரதம் இருந்து, மறுநாள் துவாதசியில் ஒரு பிடி அகத்திக்கீரையோடு விரதத்தை முடிப்பார். அது பெருமாளுக்காக. விரதம் இல்லாத எங்களுக்கு அந்தக் கீரை கிடையாது.

கல்யாணமான இரண்டாம் வருஷம் நான் முழுகாமல் இருந்தேன். வாந்தி நின்ற பிறகும் சோறும் மோரும் தவிர வேறெதுவும் இறங்கவில்லை. ஆறு மாதம் இருக்கும்போது ஒருநாள் சாயங்காலம் ஆட்டைப் பிடித்துக்கொண்டு தோட்டத்திலிருந்து வந்தேன். சீக்கிரம் இருட்டிவிட்டது என்று நினைத்தேன். வாய்க்கால் கரைமேல் ஆட்கள் பேசிச் சிரித்துக்கொண்டு சாதாரணமாகப் போகிறார்கள், எனக்கு மட்டும் கரை தெரியவில்லை. ஆடு இழுத்த இழுப்பில் வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. சாயங்காலமானதும் மறுபடியும் அப்படியே. யாரோ கண்ணில் சாக்கைப் போட்டு மூடின மாதிரி.

நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கெங்கவல்லிக்காரி என்று என் பேச்சுக்கே அந்த ஊரில் ஒரு சிரிப்பு இருந்தது. இதையும் சொன்னால் கண்ணில்லாதவளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று என் அப்பன் வீட்டையல்லவா பேசுவார்கள். அந்தியானால் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். எந்தச் சாமான் எங்கே இருக்கும் என்று பகலிலேயே மனசில் வாங்கி வைத்துக்கொள்வேன். ஒரு தடவைகூட இடறவில்லை. நம்முடைய சாமர்த்தியம் யாருக்கு வரும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு வேறு.

ஆனால் படுத்தால் தூக்கம் வராது. பிள்ளை பிறந்து ராத்திரியில் அழுதால் அதன் முகம் எனக்குத் தெரியுமா? வாயில் எது போகிறது, மூக்கில் எது போகிறது என்று பார்த்துப் பால் கொடுப்பேனா? இப்படியே போய்ப் பகலும் இருட்டிவிட்டால்? வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அதைத்தான் நினைத்துக்கொண்டு கிடப்பேன்.

விஷயம் ஒருநாள் சாப்பாட்டில் வெளியே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். என் ஒரு கையில் சிம்னி விளக்கு, மறு கையில் கரண்டி. சோற்றைப் போட்டேன்.

"ஏ புள்ளை, இலை இங்க கெடக்குது. சோத்தைக் கோழிக்கா போடறே?"

"வெளிச்சம் பத்தலைங்க."

"வெளக்கு உன்ற கையிலதான இருக்குது."

பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. "அவளுக்கு மாலக்கண்ணுடா. சும்மா சாப்புடு. நாளைக்கு அண்ணனைப் போய்ப் பாத்துட்டு வாரேன்."

குரலில் ஒரு பதற்றமும் இல்லை. உப்புத் தீர்ந்துவிட்டது என்று சொல்வது மாதிரி சொன்னார். எப்படி அவ்வளவு சட்டென்று கண்டுபிடித்தார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அத்தையின் அண்ணன் ஜேடர்பாளையத்தில் வைத்தியர். சுற்றுவட்டாரத்தில் கைராசிக்காரர் என்று பேர். அத்தைக்கு அவர் பெருமாளுக்கு அடுத்தபடி. மறுநாளே அண்ணனும் தங்கையும் சேர்ந்து வந்தார்கள். ஒரு பீங்கான் ஜாடி நிறைய லேகியம். அதைவிடப் பெரிசாகப் பத்தியம்.

"புளி ஆகாது. கடுகு ஆகாது. கத்திரிக்காய் ஆகாது. எண்ணெய்ச் சட்டி அடுப்புல ஏறப்படாது. கீரை வாடையே ஆகாது சாமி. அதுலயும் அகத்தி இருக்குதே, அது என்ற மருந்தையே முறிச்சுப் போட்டுரும்" என்றார் வைத்தியர்.

அன்றிலிருந்து எனக்கு மிளகு ரசமும் சோறும். வறுத்த உப்பு. லேகியம் கசந்தது, அது பரவாயில்லை. கார்த்திகை போய் மார்கழி வந்தது. சாயங்காலமானால் சாக்கு அப்படியே இருந்தது. அத்தை தினமும் விளக்கேற்றுகிற நேரத்தில் என்னை ஒரு பார்வை பார்ப்பார் என்று நினைக்கிறேன். எனக்கு அது தெரிந்தால்தானே.

அந்த மாதம் நர்சம்மா வந்தார். பிள்ளைத்தாய்ச்சிகளை வீடு வீடாகப் பார்த்து வருவது அவருக்கு வேலை. சேலத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம், கழுத்தில் மெல்லிசாக ஒரு சங்கிலியும் சிலுவையும். மத்தியான பஸ்ஸில் இறங்கிக் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார். என்னை வெளிச்சத்தில் உட்கார வைத்து, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"அந்தியில கண்ணு தெரியுதுங்களா?"

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை கூரையைப் பார்த்தார்.

"காத்தால என்ன சாப்ட்டீங்க?"

"சோறும் மிளகு ரசமும்."

"மத்தியானம்?"

"மிளகு ரசமும் சோறும்."

"பத்தியமுங்க" என்றார் அத்தை. "எங்கண்ணன் மருந்து குடுத்திருக்கறாரு."

நர்சம்மா பையைத் திறந்துகொண்டே சொன்னார். "சாப்பாடு பத்தலைன்னாலும் இப்பிடி வருமுங்க. வெறும் சோத்துல கண்ணுக்கு வேண்டியது இல்லீங்க. தெனமும் ஒரு முட்டை வேக வெச்சுக் குடுக்கலாமுங்களே."

"நாங்க பெருமாளைக் கும்புடறவங்க. இந்த ஊட்டுல முட்டை ஒடைக்கறதில்லீங்க."

"அப்பொ பையில மீனெண்ணெய் இருக்குது, ஒரு கரண்டி..."

"முட்டையே வேண்டாங்கறேன். நீங்க மீனைப் புழிஞ்சு கொண்டாந்திருக்கறீங்க."

நர்சம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "நல்லாப் பழுத்த பப்பாளி?" என்றார்.

"ஏனுங்க நர்சம்மா, நீங்க புள்ளையைப் பெத்தெடுக்க வெக்க வந்தீங்களா, எறக்கி உட வந்தீங்களா?"

"சரிங்க, பப்பாளி வேண்டாம். மாம்பழம்னு சொன்னா மார்கழியில எங்க போறதும்பீங்க. கேரட்டு?"

"அது எங்க வெளையுது?"

"ஊட்டியில."

"அப்பொ இவளை ஊட்டியிலதான் கட்டிக் குடுத்திருக்கோணும்."

இதையெல்லாம் அத்தை சிரிக்காமல்தான் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்றே தெரியவில்லை. நர்சம்மா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்போது அத்தையே, குரலை இறக்கிக்கொண்டு கேட்டார். "ஏனுங்க, இதுல ஒண்ணுமே ஆகாதுன்னா, இவ கண்ணு இப்பிடியேதான் இருக்குமுங்களா?"

"நம்மூர்ல இருக்கறதாப் பாத்துச் சொல்றேனுங்க. யோசிக்க உடுங்க" என்றார் நர்சம்மா.

வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் இல்லை. ஒரு கவுளி வெற்றிலையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே அத்தை கூட நடந்தார். நானும் பின்னால் போனேன். ஆட்டுப்பட்டியைத் தாண்டும்போது நர்சம்மா நின்றுவிட்டார். அன்று காலையில்தான் அகத்தியைக் கழித்திருந்தார்கள். ஆடுகள் தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தன.

"இத்தனையும் ஆட்டுக்குங்களா?"

"ஆமாங்க. பின்ன என்ன பண்றது?"

"இதைத்தானுங்க நான் இவ்வளவு நேரமாத் தேடிட்டிருந்தேன்." குனிந்து ஒரு கொத்தை ஒடித்து எடுத்து அத்தையின் கையில் கொடுத்தார். "தெனமும் ரெண்டு பிடி. வெறுமனே அவிக்காதீங்க, கொஞ்சம் எண்ணெய் உட்டு வதக்குங்க, அப்பத்தான் ஒடம்புல ஒட்டும். கண்ணுக்கு இதுக்கு மேல எந்தக் கடையிலயும் விக்கலைங்க."

அத்தை அந்தக் கொத்தைக் கீழேயும் போடவில்லை, வாங்கிக்கொள்ளவும் இல்லை. கையில் இருந்தது. "இது மருந்தை முறிச்சுப் போடுமுங்களே."

"மருந்தை நிறுத்துங்கன்னு நான் சொல்ல மாட்டேனுங்க. உங்க அண்ணன் குடுத்தது, உங்க பாடு. கீரை குடுங்கன்னுதான் சொல்றேன்."

சொல்லிவிட்டு நர்சம்மா பஸ்ஸுக்குப் போய்விட்டார். அத்தை ரொம்ப நேரம் பட்டியிலேயே நின்றார். ஆடுகள் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாரா, வேறெதையாவது நினைத்துக்கொண்டு நின்றாரா, தெரியாது. அவருக்கு இருந்த சங்கடம் எனக்குப் புரிந்தது. அண்ணன் மருந்தை நிறுத்துவது அண்ணன் முகத்தில் அடிப்பது மாதிரி. நிறுத்தாவிட்டால் கீரை கொடுக்க முடியாது. நான் எந்தப் பக்கம் பேசினாலும் குற்றம்.

நாலைந்து நாளில் ஏகாதசி வந்தது. காலையில் லேகியத்துக்குக் கையை நீட்டினேன். "பெருமாள் நாளும் அதுவுமா மருந்தா? நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

மறுநாள் துவாதசி. அடுப்படியில் அகத்திக்கீரை வெந்துகொண்டிருந்தது. வழக்கமாக அத்தைக்கு ஒரு பிடிதான் வேகும். அன்றைக்குச் சட்டி நிறைய இருந்தது. என் இலையிலும் ஒரு கரண்டி விழுந்தது.

"அத்தே, மருந்து..."

"நேத்து மருந்து உள்ள போகலை. போகாத மருந்தை எது வந்து முறிக்கும்? தின்னு."

தின்றேன். கசப்புதான். பாசிப்பருப்பும் தேங்காய்ப்பூவும் போட்டும் கசந்தது. ஆனால் அந்தக் கசப்பு நாக்கில் பட்டதும் கெங்கவல்லிக் காடே வாயில் வந்து நின்றது மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கித் தின்றேன்.

அடுத்த நாள் நானே கேட்டேன். "இன்னைக்கு மருந்து உண்டுங்களா அத்தே?"

"நேத்து அகத்தி தின்னவளுக்கு இன்னைக்கு மருந்தைக் குடுத்தா அது வீணாப் போகுமா, போகாதா? எங்கண்ணன் காடு மேடெல்லாம் அலைஞ்சு வேர் தோண்டி இடிச்ச மருந்து அது. வீணாக்கப்படாது. அகத்தி வாடை ஒடம்பை உட்டுப் போகட்டும், அப்பறம் குடுக்கறேன்."

சொல்லிக்கொண்டே எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினார். கடுகு வெடித்தது. அத்தனை நாளுக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டதற்கே எனக்குப் பசி வந்துவிட்டது. சின்ன வெங்காயம் வதங்கி, அதன்மேல் அகத்தி விழுந்தது. அன்றைக்கும் தின்றேன். அதற்கு மறுநாளும். அந்த வாடை என் உடம்பை விட்டுப் போவதற்கு அத்தை விடவே இல்லை. ஜாடி மாடத்தில் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. தூசி படியாமல் தினமும் துடைத்து வைப்பார்.

தை பிறந்தது. ஒருநாள் அந்தியில் பட்டியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. எங்கள் கிடாயின் நெற்றிப் புள்ளி. கண்ணை மூடித் திறந்து பார்த்தேன், இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம். அடுத்த அந்தியில் வேலிப்படல் தெரிந்தது. அதையும் சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் பொழுது சாய வைத்தியர் சைக்கிளில் வந்து இறங்கினார். அன்றைக்கென்று மத்தியானம் இரண்டு பிடி கீரையை ஆய்ந்து வதக்கி மூடி வைத்திருந்தேன். கூடத்துக் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

"என்னம்மா, அகத்தி வாடை அடிக்குது?"

"ஆட்டுக்குத் தழை ஒடைச்சமுங்கண்ணா. கை வாடை."

"மருந்து தீந்துதா?"

"இன்னும் இருக்குதுங்கண்ணா. பாத்துப் பாத்துத்தான் குடுக்கறேன்."

நான் அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அத்தை விளக்கை ஏற்றப் போனார். "வெளக்கு இப்ப வேண்டாம்" என்றார் வைத்தியர். "ஏஞ் சாமி, ஒரு சொம்பு தண்ணி கொண்டா. கண்ணு எப்பிடி இருக்குதுன்னு பாக்கறேன்."

சிரிப்பெல்லாம் போய்விட்டது. ஆட்டின் நெற்றியைப் பார்த்ததும் வேலியைப் பார்த்ததும் வெளியில். வீட்டுக்குள் இருட்டு இன்னும் கெட்டி. சொம்பை எடுத்துக்கொண்டு, சுவரைத் தொடாமல், நிலைப்படியில் வந்து நின்றேன்.

முதலில் வைத்தியரின் வெள்ளை வேட்டி தெரிந்தது. அப்புறம் தூண். அப்புறம் கட்டிலின் கால். ஒவ்வொன்றாக இருட்டுக்குள்ளிருந்து எழுந்து வந்து நின்றன. நடந்தேன். எனக்கு முன்னால் அத்தை போய்க்கொண்டிருந்தார். புடவையைச் சரிசெய்கிறவர் மாதிரி குனிந்து, நடுவில் கிடந்த முக்காலியை ஒரு கையால் தூக்கி ஓரமாக வைத்தார். சத்தமே இல்லை. அடுத்து அரிவாள்மணையை மடக்கிச் சுவரோரம் தள்ளினார். அப்புறம் முறத்தை. திரும்பிப் பார்க்காமல், நின்று யோசிக்காமல், நான் கால் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றாக.

அது அன்றைக்குப் பழகின கை இல்லை. மாசக்கணக்காகச் செய்து பழகின கை. நான் ஒரு தடவைகூட இடறாமல் நடந்த சாமர்த்தியம் யாருடையது என்று அந்த இருட்டில்தான் எனக்குத் தெரிந்தது.

சொம்பை வைத்தியரின் கையில் கொடுத்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவர் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார், சொன்னேன். மடக்கினார், அதையும் சொன்னேன். தண்ணீரைக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியாம்மா, நம்ம மருந்தை?"

"உங்க மருந்துக்கு என்னங்கண்ணா கொறை" என்றார் அத்தை. உடனே திரும்பிப் போய் விளக்கை ஏற்றினார். ஒரு குச்சிக்கு இரண்டு குச்சி உரசினார்.

அன்றைக்கு எனக்கு மூச்சு விடுவதே லேசாக இருந்தது. பங்குனியில் மகள் பிறந்து, சிம்னி வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தபோதுகூட அவ்வளவு நிம்மதி வரவில்லை. அந்த முகம் தெரியும் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

வைத்தியர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய பிறகு நானும் அத்தையும் அடுப்படியில் உட்கார்ந்தோம். மூடி வைத்திருந்த கீரையை எடுத்து என் இலையில் போட்டார்.

"அத்தே, முக்காலியை எடுத்து ஓரமா வெச்சீங்களே" என்றேன்.

அவர் கை நின்றது. "பாத்தியா?"

"பாத்தேன்."

இன்னொரு கரண்டி கீரையை வைத்தார். அப்புறம் சொன்னார். "உனக்காகவா வெச்சேன்? வயசான காலத்துல நான் தட்டி உழுந்தா யாரு பாக்கறது. கீரையைத் தின்னு."

தின்றேன். மறுநாள் அந்தியில் கூடத்துக்கு வந்தேன். முக்காலி நட்டநடுவில், எங்கே கிடக்குமோ அங்கேயே கிடந்தது. அரிவாள்மணையும் அப்படியே. அத்தை தூணில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நான் முக்காலியைச் சுற்றிக்கொண்டு போய் விளக்கை ஏற்றினேன்.